‘குறிஞ்சி மலர்த் தேன்’: தேனுக்கு மார்க் உண்டு, லேபிளுக்குக் கிடையாது

கொடைக்கானல் ஏரிச் சாலைப் பக்கம் ஒரு கடையில் வாங்கியது. ‘ஒரிஜினல் குறிஞ்சி மலர்த் தேன்’, அரைக் கிலோ, கண்ணாடி பாட்டில், 650 ரூபாய். பாட்டில் கழுத்தில் நூல் கட்டி, மடித்த வழவழப்பான தாள் ஒன்று தொங்குகிறது. ‘குறிஞ்சியின் வரலாறு’ என்று தலைப்பு. கடைப் பெயரைப் போடப் போவதில்லை. இதே மாதிரி சரக்கு, லேபிளில் நிறம் மட்டும் மாறி, மலைமேல் பல கடைகளில் இருக்கிறது. ஊட்டியிலும் பார்த்திருக்கிறேன். ஒருத்தரை மட்டும் பிடித்து நிற்க வைப்பது நியாயமில்லை.

எங்களுக்கு வத்தலக்குண்டில் நாட்டு மருந்துக்கடை, அப்பா காலத்துக் கடை. திரிகடுகச் சூரணம் வாங்குகிறவர், சித்தரத்தை வாங்குகிறவர், எல்லாரும் காசு கொடுக்கும்போது கேட்பது “தேன் இருக்காண்ணே, நல்ல தேனா?” என்பதுதான். கொடைக்கானலிலிருந்து இறங்கும் வண்டிகளில் பாதி எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். அதில் சிலர் மேலே வாங்கிய பாட்டிலைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்து, “இது அசலா, போலியா பார்த்துச் சொல்லுங்க” என்பார்கள். பிறர் வாங்கிய பொருளைப் பற்றி வாய் திறந்தால் வம்பு. அதனால் நானே என் காசில் ஒன்று வாங்கிவிட்டேன்.

முதலில் உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். தேன் மோசமில்லை. மூடியைத் திருகும்போது ‘உஸ்’ என்று லேசாகக் காற்று பிரிந்தது. கழுத்தோரம் மெல்லிய நுரை வளையம். கம்பெனித் தேன் மாதிரி கனத்து விழாமல் சற்று இளக்கமாக இறங்குகிறது. மலைத்தேன் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ஈரப்பதம் கூடுதல், அதனால் வெயில் படும் இடத்தில் வைத்தால் புளித்துப் போகும். அடியில் பொடிப் பொடியாகக் கொஞ்சம் வண்டல்: மெழுகுத் துணுக்கும் மகரந்தமும். ரொம்ப வடிகட்டவில்லை, ரொம்பக் காய்ச்சவும் இல்லை என்று அர்த்தம். நாக்கில் வைத்ததும் நல்ல இனிப்பு, தொண்டையில் இறங்கும்போது ஒரு துவர்ப்பு. நாவல் மரம் பூத்த காட்டுத் தேனில் இந்தத் துவர்ப்பை நான் பார்த்திருக்கிறேன். என் கணக்கில் இது கோடையில் எடுத்த பலபூத் தேன். அதற்கு ஐந்துக்கு மூன்றரை தாராளமாகக் கொடுக்கலாம்.

இதைப் படித்துவிட்டு, தண்ணீரில் சொட்டு விட்டுப் பார்த்தீர்களா, தீக்குச்சியை நனைத்துக் கொளுத்திப் பார்த்தீர்களா, எறும்பு வந்ததா என்று கேட்க வேண்டாம். கெட்டியான சர்க்கரைப் பாகும் தண்ணீரில் நூல் மாதிரி நேராக இறங்கும். ஈரம் கூடிய அசல் மலைத்தேன் கரையும். அந்தச் சோதனையை நம்பினால் போலியைப் பாஸ் போட்டு அசலை ஃபெயிலாக்குவீர்கள். 2020இல் டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டு தேனைப் பரிசோதனைக்கு அனுப்பியது. ஜெர்மனி ஆய்வகத்தில் செய்த சோதனை உட்பட எல்லாவற்றிலும் தேறியது 3 பிராண்டுதான். நம் ஊர்ச் சோதனைகள் பலவற்றில் நல்ல பிள்ளையாகத் தேறியவையும் அங்கே மாட்டிக்கொண்டன. ஆய்வகத்துக்கே அந்த நிலை என்றால் தீக்குச்சி எம்மாத்திரம்? அது கலப்படச் சங்கதி. எந்தப் பூவின் தேன் என்று தெரிய வேண்டுமானால், அதிலுள்ள மகரந்தத்தை நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லும் ஆள் வேண்டும். அப்படிப் பார்த்ததாக லேபிளில் ஒரு வார்த்தை இல்லை.

லேபிளுக்கு வருகிறேன். முன்பக்கத்தில் ஊதா நிறத்தில் பூ மரம் ஒன்று, அடியில் தரையெல்லாம் ஊதாப் பூ கொட்டிக் கிடக்கிறது. பார்க்க அழகு. ஆனால் அது ஜகரண்டா. கோடைக்காலத்தில் கொடைக்கானலிலும் ஊட்டியிலும் சாலையோரம் பூத்து நிற்குமே, தென்னமெரிக்காவிலிருந்து வந்த மரம், அது. குறிஞ்சி மரமே இல்லை. முழங்கால் உயரம், இடுப்பு உயரம் வளர்கிற புதர்ச் செடி. நல்ல இடம் கிடைத்தால் ஆள் உயரத்துக்கும் போகும். பூ சின்ன மணி மாதிரி, கதிர்க் கதிராக அடுக்கிக்கொண்டு வரும். நிறம் கொஞ்சம் நீலம், கொஞ்சம் ஊதா. தனிச் செடியாகப் பார்த்தால் யாரும் நின்று பார்க்கமாட்டார்கள். மலைச்சரிவு முழுக்க ஒரே நேரத்தில் பூப்பதுதான் அதன் பெருமையெல்லாம். அந்தச் சரிவின் படம் போட்டிருக்கலாம். 2018இல் எடுத்த படம் இல்லாத கைபேசி இந்த மலையில் உண்டா?

துண்டுத் தாள் இன்னும் சுவாரஸ்யம். முதல் வரியே ‘தமிழ்நாட்டின் மாநில மலரான குறிஞ்சி’. தமிழ்நாட்டின் மாநில மலர் செங்காந்தள். எங்கள் மாவட்டத்திலேயே ஒட்டன்சத்திரம் பக்கம் கம்பிப் பந்தல் போட்டுக் கண்வலிக் கிழங்கு என்று பயிர் செய்கிறார்களே, அந்தக் கொடியின் பூதான். அதன் விதை மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது. கிழங்கு கொடிய விஷம். எங்கள் கடையில் கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவேன். குறிஞ்சிக்கு அரசு கொடுத்த பட்டம் எதுவும் தேவையுமில்லை. ஒரு நிலத்துக்கே, அதில் நடக்கும் காதலுக்கே பெயர் கொடுத்த பூ அது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்குகிறார். அந்த வரிசையிலும் முதலில் நிற்பது காந்தள். பாட்டுக்கே பெயரான குறிஞ்சி ஆம்பலுக்கும் அனிச்சத்துக்கும் குவளைக்கும் பிறகுதான் வருகிறது. அரசாங்கத்தில் யாரோ கபிலரைப் படித்தவர் இருந்திருப்பார் போலிருக்கிறது.

அடுத்து, ‘சங்க காலம் தொட்டு விளங்கும் குறிஞ்சியாண்டவர் கோயில்’ என்று ஒரு வரி. கொடைக்கானல் போகிறவர்கள் எல்லாரும் போகும் முருகன் கோயில்தான். அது 1936இல் கட்டியது. கட்டியவர் லீலாவதி என்று பெயர் மாற்றிக்கொண்டு இந்துவான வெள்ளைக்காரப் பெண்மணி, இலங்கைத் தலைவர் பொன்னம்பலம் ராமநாதனின் மனைவி. அங்கே நின்றால், மேகம் விலகிய நாளில், கீழே பழனி மலை தெரியும். இந்தக் கதையை உள்ளபடி போட்டிருந்தாலே வாங்குகிறவன் ரசித்திருப்பான். இரண்டாயிரம் ஆண்டைச் சும்மா தூக்கிப் போட வேண்டிய அவசியம் என்ன? நீலகிரிக்கு அந்தப் பெயர் குறிஞ்சியால் வந்தது என்கிறது தாள். அங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், விட்டுவிடலாம். போசள மன்னன் விஷ்ணுவர்த்தனின் தளபதி நீலமலையைப் பிடித்தான், தோடர்களை மிரட்டினான் என்று 1117ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று பேசுகிறது. பெயர் பழையது, அதில் சந்தேகமில்லை.

இந்த மலையின் பழங்குடிகளான பளியர்கள் குறிஞ்சி பூப்பதை வைத்து வயதைக் கணக்கிடுவார்கள் என்று போட்டிருக்கிறதே, அது சரி. எங்கள் கடைக்குக் கடுக்காய், கல்தாமரை வேர், தேன் என்று கொண்டுவரும் பளியர் பெரியவர் ஒருவர் உண்டு. அரசு அட்டையில் அவருக்குப் போட்டிருக்கும் பிறந்த தேதியைக் கேட்டால் சிரிப்பார். “அஞ்சு பூ கண்டுட்டேன் சாமி, ஆறாவது பூ காட்டுமான்னு அந்தப் பழனியாண்டவனுக்குத்தான் தெரியும்” என்பார்.

இனி முக்கியமான இடம். ‘12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே மலரும் அபூர்வக் குறிஞ்சி, கடைசியாக 2018இல் பூத்தது, அடுத்து 2030இல் பூக்கும்’ என்று அந்தத் தாளே சொல்கிறது. இதில் ஒரு எழுத்துப் பிழை கிடையாது. 1838இலிருந்து எழுத்தில் பதிவு இருக்கிறது. பன்னிரண்டு பன்னிரண்டாகக் கூட்டிக்கொண்டே வந்தால் 1982, 1994, 2006, 2018 என்று வந்து நிற்கும். 2006இல் தபால்தலையே போட்டார்கள். சரி, பாட்டிலின் பின்பக்கத்தைத் திருப்புங்கள். தயாரித்த மாதம்: மே 2025.

கல்லாவில் இருந்த தம்பியிடம் கேட்டேன்.

“தம்பி, இது எந்த வருஷத்துப் பூவுல எடுத்த தேன்?”

“இந்த வருஷத்துதாண்ணே. ஃப்ரெஷ்ஷு. டேட் போட்டிருக்கு பாருங்க.”

“கடைசியா பூத்தது 2018ன்னு உங்க தாள்லயே போட்டிருக்கே?”

தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதற்கு முன் படித்திருக்க மாட்டார். “அது ரோட்டோரம் இருக்கிற குறிஞ்சிண்ணே. காட்டுக்குள்ள போனா எப்பவும் பூத்துக்கிட்டேதான் இருக்கும்.” அப்புறம் குரலைத் தாழ்த்தி, “உங்களுக்கு வேணும்னா 600க்குப் போட்டுத் தரேன்” என்றார். 50 ரூபாய்க்கு வரலாறு மாறுமா என்ன. முழு விலை கொடுத்தே வாங்கிக்கொண்டேன்.

அந்தத் தம்பி சொன்னதில் ஒரு கைப்பிடி உண்மையும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. குறிஞ்சிக்குச் சொந்தக்காரச் செடிகள் இந்த மலைகளில் நிறைய. சில ஆண்டுதோறும் பூக்கும். சில ஆறேழு ஆண்டுக்கு, சில பத்துக்கு, சில இன்னும் நீண்ட இடைவெளிக்கு ஒருமுறை பூக்கும். அங்கங்கே ஒரு கூட்டம் செடி கணக்குத் தப்பிப் பூப்பதும் உண்டு. ஒவ்வொரு தடவையும் ‘குறிஞ்சி பூத்துவிட்டது’ என்று செய்தி வரும், வண்டிகள் கிளம்பும். ஆகவே 2025 தேனில் ஏதோ ஒரு குறிஞ்சி இனத்துப் பூவின் துளி இருக்க முடியாது என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் லேபிள் விற்பது அந்தத் துளியை அல்ல. அந்தப் பன்னிரண்டு ஆண்டை. பெரிய குறிஞ்சி பூத்து, காய்த்து, விதை தெறித்ததும் செடியே செத்துப் போகும். 2018 ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை சரிவெல்லாம் நீலமாக இருந்ததைப் பார்த்தவர்கள், அடுத்த ஆண்டு அதே இடத்துக்குப் போயிருந்தால் காய்ந்த கறுப்புக் குச்சிகளைத்தான் பார்த்திருப்பார்கள். சங்கப் பாட்டில் ‘கருங்கோல் குறிஞ்சி’ என்று வருகிறது. அந்தக் குச்சியைத் தொட்டுப் பார்த்தவன்தான் அப்படி எழுதியிருக்க முடியும். அந்தக் குச்சிகளுக்கு அடியில் முளைத்த செடிகள்தான் இப்போது வளர்ந்துகொண்டிருக்கின்றன. அவை பூக்க 2030 ஆகும். பூக்காத செடியில் எந்தத் தேனீ என்ன எடுக்கும்?

2018இல் அசல் சரக்கு எப்படி இருந்தது என்றும் சொல்ல வேண்டும். நான் சொன்ன பெரியவர் அந்த ஆண்டு கார்த்திகையில் கொண்டுவந்தார், பழைய குளிர்பான பாட்டில்களில் ஊற்றி, வாயில் வாழைச் சருகு அடைத்து. பாறையில் கட்டும் பெருந்தேனீயின் தேன் இல்லை; மரப்பொந்தில் இருக்கும் அடுக்குத்தேனீயின் தேன். பூத்த சரிவில் போய் நின்றால் சுற்றிச் சுற்றி ரீங்கரிப்பதும் பெரும்பாலும் அந்தச் சின்ன ஈதான். தேன் பொன்னிறத்தைவிட ஒரு படி இருட்டு. இனிப்புக்குப் பின்னால் மெல்லிய கசப்பு, வாயில் சற்று நேரம் நிற்கும். எல்லாக் குறிஞ்சித் தேனும் அப்படித்தானா என்றால், எனக்கு வந்தது அப்படி. அவரிடம் “குறிஞ்சித் தேன்னு எழுதி ஒட்டலாமா பெரியவரே?” என்று கேட்டேன். “பூச்சி எங்கெல்லாம் போச்சுன்னு நான் கூடவா போனேன்? குறிஞ்சி பூத்த காட்டுத் தேன்னு எழுதுங்க” என்றார். ஒரு லேபிளுக்கு எவ்வளவு பொறுப்பு வேண்டும் என்பதை அவர் எந்தப் பயிற்சி வகுப்புக்கும் போகாமல் தெரிந்து வைத்திருந்தார்.

குறிஞ்சி இனத்துத் தேனைத் தனியாகப் பார்ப்பது சட்டத்துக்கும் புதிதல்ல. மகாராஷ்டிரத்தில் கார்வி என்று இதன் நெருங்கிய உறவுச் செடி, ஏழெட்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. நம் நாட்டு உணவு விதிகளில் பொதுவாகத் தேனில் சுக்ரோஸ் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கார்வித் தேனுக்குப் பெயர் குறிப்பிட்டே 10 வரை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பூவின் தேனுக்கு என்று ஒரு குணம் உண்டு, அதைச் சோதித்து எழுதி வைத்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? நம் மலைக் குறிஞ்சிக்கு இந்த அக்கறையை யாராவது எடுத்திருந்தால் ஏரிச் சாலையில் இப்படி இஷ்டத்துக்குப் பெயர் ஒட்ட முடியாது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் 2019இல் புவிசார் குறியீடு வந்தது. பூண்டு விற்கிறவர் இப்போது கண்ட பூண்டை மலைப்பூண்டு என்று சொல்லக் கொஞ்சமாவது யோசிக்கிறார்.

தாளில் வராத வரலாறு ஒன்று பாக்கி. குறிஞ்சி வளர்வது சோலைக்காட்டுக்கு வெளியே, திறந்த புல்வெளிச் சரிவில். அந்தப் புல்வெளியை வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே ‘சும்மா கிடக்கிற நிலம்’ என்று நினைத்து, வேட்டில் (வெளிநாட்டுச் சீகை மரம்), பைன், யூகலிப்டஸ் என்று நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு வேகம் இன்னும் கூடியது. வேட்டில் ஒருமுறை நட்டால் போதும், பிறகு தானே பரவிக்கொள்ளும். செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆராய்ந்தவர்கள், 1973க்கும் 2014க்கும் நடுவில் பழனி மலைப் புல்வெளியில் 66 சதவீதம் போய்விட்டது என்று 2018இல் எழுதினார்கள். குறிஞ்சி பூத்த அதே ஆண்டு. என் பதினாறாம் வயதில், 1982இல், அப்பாவோடு மன்னவனூர்ப் பக்கம் போனபோது பூத்துக் கிடந்த ஒரு சரிவில் இன்று பைன் மரம் வரிசையாக நிற்கிறது; நிழலுக்கு வண்டிகளை நிறுத்தி ரீல்ஸ் எடுக்கிறார்கள். கேரளத்தில் 2006இல் வட்டவடைப் பக்கம் 32 சதுர கிலோமீட்டரைக் குறிஞ்சிக்கென்றே சரணாலயமாக அறிவித்தார்கள். நம் பக்கம் 2013இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் வந்தது, 600 சதுர கிலோமீட்டருக்கு மேல். வேட்டிலைப் பிடுங்கிப் புல்லை மீட்கும் வேலையும் அங்கங்கே நடக்கிறது. பன்னிரண்டு ஆண்டு காத்திருந்து ஒரே ஒரு முறை விதை போடும் செடி இது. பதினோராம் ஆண்டில் தீ வைத்தாலோ மேலே மரம் மூடினாலோ அந்தச் சரிவில் ஒரு தலைமுறையே கணக்குத் தீர்ந்தது. குறிஞ்சியின் பெயரைச் சொல்லி 650 வாங்குகிற தாளில் இதற்கு இரண்டு வரி ஒதுக்கியிருக்கலாம். அந்த இடத்தில் ‘ஆண்மை பெருகும், சர்க்கரை நோய் தீரும்’ என்று போட்டிருக்கிறார்கள். சர்க்கரை நோய்க்காரர் தேனை மருந்தென்று குடிக்க வேண்டாம், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தொட்டு வைக்கவும் வேண்டாம். மருந்துக்கடைக்காரன் சொல்கிறேன், கேளுங்கள்.

வாங்கலாமா என்றால், 650க்கு வேண்டாம். இதே தரத்துத் தேன் மலையிலேயே 400, 450க்குக் கிடைக்கும், குறிஞ்சி என்ற பெயர் இல்லாமல். பண்ணைக்காடு பக்கம் ஒரு பெண்கள் குழு காப்பித் தோட்டத்தில் தேன்பெட்டி வைத்து எடுக்கிறது. அவர்கள் பாட்டிலில் ஊர் பெயர், எடுத்த மாதம், அந்த மாதத்தில் தோட்டத்தில் என்ன பூத்தது என்று கையால் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். என்னிடம் இருப்பதில் ‘காப்பி, ஆரஞ்சு, சில்வர் ஓக்’ என்று இருக்கிறது. எழுத்துக் கோணல்தான், ஆனால் மூன்றும் அந்தத் தோட்டத்தில் இருப்பவை, அந்தப் பருவத்தில் பூப்பவை. இப்போது என் கடையில் விற்பது அதுதான். குழுவில் எனக்குப் பங்கு எதுவும் கிடையாது, மொத்த விலையில் வாங்கிச் சில்லறையில் விற்கிறேன், அவ்வளவே.

ஏரிச் சாலை பாட்டிலை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் வருத்தப்பட வேண்டாம், தேன் சாப்பிடக் கூடியதுதான். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், உறைந்து போகும். நிழலில் வைத்து நாலைந்து மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். ஈரக் கரண்டி போடக் கூடாது. இன்னொன்று, மூடி மட்டம். பையில் நிமிர்த்தி வைத்தும் காட்ரோட்டுத் திருப்பங்களில் கசிந்து, மகள் கேட்ட சாக்லெட் பெட்டியெல்லாம் பிசுபிசுத்துப் போனது. வாங்கினால் அங்கேயே இன்னொரு பிளாஸ்டிக் கவரில் போட்டு ரப்பர் பேண்ட் சுற்றித் தரச் சொல்லுங்கள், கேட்டால் தருகிறார்கள்.